மொட்டை எடுத்தது யார்?

உலகத் தாவரவியல் வரலாற்றில் தனிப் பக்கம் ஒதுக்கப்பட வேண்டிய, வருங்காலத் தலைமுறைகள் எழுந்து நின்று வாசிக்க வேண்டிய, வாசித்து முடித்தபின் சற்று நேரம் தலைகுனிந்து மௌனம் காக்க வேண்டிய செய்தி ஒன்றை இதன்மூலம் அறிவிக்க நேர்கிறது. ஒரு மொட்டு காணாமல் போய்விட்டது.

இவ்வளவு கனமாக இதை முதலில் அறிவித்தவர் தாவரப் பூங்காவின் இயக்குநர். அறிவித்த இடம், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்த ஒரு துப்பறிவாளரின் அறை. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளைகளை விசாரித்துச் சொல்வதே அங்கே பெரும்பாலும் நடக்கிற தொழில். கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேலே மேஜை நடுங்கும். இயக்குநர் அதைத் தன் பேச்சின் விளைவு என்று எடுத்துக்கொண்டு குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

"இது திருட்டு இல்ல. மனித குலத்தின் மேல விழுந்த அடி!"

"என்ன போச்சு?" என்றார் துப்பறிவாளர்.

"முகை."

"புகையா? எங்க மாமா புகை?" என்று துள்ளி எழுந்தான் மைத்துனன். துப்பறிவாளரின் மனைவிக்குத் தம்பி. வேறு எந்த வேலையிலும் நிலைக்காததால் இந்த வேலைக்கு உதவியாளனாக அனுப்பிவைக்கப்பட்டவன். உற்சாகம் அவனுக்கு ஒரு நோய் மாதிரி, மாத்திரையும் கிடையாது.

"முகை. மு, கை. மலர் விரியறதுக்கு முந்தின நிலை."

"ஓ, மொட்டு! அத மொட்டுன்னே சொல்லலாமே சார்."

"தெருவுல சொல்வாங்க. இயக்குநர் நாற்காலில உக்காந்ததுலேர்ந்து இந்த வாய்ல அந்த வார்த்தை வந்ததே இல்ல."

துப்பறிவாளர் கண்களை மூடிக்கொண்டார். மாமா சிந்திக்கிறார் என்று மைத்துனன் நினைத்தான். அவர் ஒரு நல்ல மாப்பிள்ளை விசாரணைக்காக ஏங்கிக்கொண்டிருந்தார்.

அதன்பின் இயக்குநர் நிகழ்த்திய சொற்பொழிவைப் பிழிந்து வடிகட்டினால் மிஞ்சுவது இவ்வளவுதான். எங்கோ ஒரு சின்ன மலைத்தொடர். அதன் உச்சிக்குச் சற்றுக் கீழே, மேகம் உரசிக்கொண்டு போகும் ஒரு பாறைச் சரிவில் மட்டும் இடுப்பளவு உயரத்தில் ஒரு புதர் வளர்கிறது. பக்கத்து மலையில் கொண்டுபோய் வைத்தால் வாடிவிடும், அவ்வளவு ரோஷம். எப்போது பூக்கும் என்று அந்த மலையில் இருப்பவர்களைக் கேட்டால் "அப்புறம்" என்பார்கள். அதனால் அதற்கு அப்புறம்பூ என்றே பெயர். மலையை விட்டுக் கீழே வந்து பிழைத்த ஒரே செடி இந்தப் பூங்காவின் கண்ணாடி வீட்டில் இருந்தது. அதற்கு மின்விசிறி போட்டு, குளிர்ந்த நீர் தெளித்து, செயற்கை மேகம் விட்டு, பல வருடம் காத்திருந்தபின் கிளை நுனியில் ஒன்றே ஒன்று அரும்பியது. நாளைக்கு மந்திரி வந்து விழா எடுத்து அது விரிவதைப் பார்ப்பதாக ஏற்பாடு. இன்று காலை அது இல்லை.

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமே இல்ல. வாட்ச்மேன். ஆள அடையாளம் சொல்லணும்னா, தலைல ஒரு முடி கிடையாது. எல்லாரும் மொட்டைன்னுதான் கூப்பிடுவாங்க. கருவிகள் வைக்கிற அறைல உக்கார வெச்சிருக்கேன். சாயங்காலம் போலீஸ்ல ஒப்படைச்சிடுவேன். பூங்காவுக்குள்ள குடியிருக்க வீடு குடுத்திருக்கோம், அதையும் காலி பண்ணச் சொல்லியாச்சு. நீங்க ஆதாரம் மட்டும் குடுத்தா போதும்."

"அவர்தான்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"காலைல போய்ப் பாக்கறேன், முகையைக் காணோம். இவன் மட்டும் வாசல்ல நிக்கிறான்! நிக்கவே கூடாத இடத்துல, கல்லு மாதிரி நிக்கிறான்!"

"வாட்ச்மேன் வாசல்ல நிக்காம வேற எங்க நிக்கணும்?"

இயக்குநர் இருமினார். கிராப்பைத் தடவிச் சரிசெய்துகொண்டார். "அது நிர்வாக விஷயம்" என்றார்.

கண்ணாடி வீடு பூங்காவின் நடுவில் இருந்தது. வாசல் ஒன்றுதான். சாவி மூன்று பேரிடம்: இயக்குநர், தோட்ட மேற்பார்வையாளர், வாட்ச்மேன். உள்ளே மின்விசிறிகள் உறுமின. சட்டைக் காலர் நனைந்து கழுத்தில் ஒட்டியது. அத்தனை ஏற்பாட்டுக்கும் நடுவே அப்புறம்பூச் செடி, தலைவாரிவிடாத பிள்ளை மாதிரி, ஒரு பெரிய தொட்டியில் அலட்சியமாக நின்றுகொண்டிருந்தது. வெளியே பந்தல் போடுகிறவர்கள் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

துப்பறிவாளர் குனிந்து கிளை நுனியைப் பார்த்தார். காம்பு பிய்ந்திருக்கவில்லை, கிளை கழிக்கும் கவாத்துக் கத்தரியால் சாய்வாக, ஒரே வெட்டில் நறுக்கப்பட்டிருந்தது. வெட்டிய இடத்தில் பூஞ்சாணம் பிடிக்காமலிருக்கத் தடவும் பசை, அளவாக, வழியாமல் பூசப்பட்டிருந்தது.

"மாமா, வெளிநாட்டுக் கும்பல்!" என்றான் மைத்துனன் மூச்சு வாங்க. "பாதத் தடம் கிடைச்சிருச்சு. மாவு ஊத்தி அச்சு எடுத்துட்டேன். ஒன்பதாம் நம்பர் ஷூ, குதிகால் தேஞ்சது."

"உன் காலத் தூக்கு."

தூக்கினான். ஒன்பதாம் நம்பர். குதிகால் தேய்ந்திருந்தது.

"அதக் கழுவிட்டு வா" என்றார் துப்பறிவாளர். அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்படுகிற கட்டத்தை எல்லாம் அவர் தாண்டி வெகுநாள் ஆகியிருந்தது.

"இந்த வெட்டப் பாருங்க சார். எடுத்த ஆள் செடிக்கு முதலுதவி பண்ணிட்டுப் போயிருக்கான். கோபத்துல திருடறவன் பசை தடவிட்டு இருப்பானா?"

"தந்திரம்" என்றார் இயக்குநர்.

அடுத்து வந்தவர் தோட்ட மேற்பார்வையாளர். மெலிந்த மனிதர். இயக்குநர் எதிரில் நிற்கும்போது கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்.

"காலைல உள்ள போனீங்களா?"

"போனேங்க."

"எதுக்கு?"

"சார் சொன்ன வேலைக்கு." சொல்லிவிட்டு அவர் இயக்குநரைப் பார்த்து இடது கண்ணை மூடித் திறந்தார்.

"காலைலேர்ந்து இவருக்குக் கண்ணுல ஏதோ கோளாறு" என்றார் இயக்குநர். "டாக்டர்கிட்ட காட்டுய்யான்னா கேக்க மாட்டேங்கறார்."

"என்ன வேலை அது?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

"சார் சொல்லச் சொன்னா சொல்றேங்க."

இயக்குநர் நடுவில் புகுந்தார். "அது வேற. நிர்வாக விஷயம். நேத்து சாயங்காலம் நான் வராந்தாவுல போறப்ப சொன்னது. இதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

"வேலை முடிஞ்சுதா?"

"காலைலயே முடிச்சுட்டு, 'எடுத்தாச்சு சார்'னு போன்ல சொல்லிட்டேனே. சார் 'சபாஷ்'னாங்க." மறுபடியும் இடது கண்.

"சரி. இந்த மொட்டு திருடினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

மேற்பார்வையாளர் அதிர்ந்துபோனார். "திருட்டா? திருட்டெல்லாம் இங்க நடக்கலைங்க!"

"பாத்தீங்களா, பூங்காவோட பேர விட்டுக்குடுக்க மாட்டார்" என்று பூரித்தார் இயக்குநர். "சேர்ந்த நாள்லேர்ந்து என் பேச்ச மீறினதே இல்ல."

கருவிகள் வைக்கிற அறையில் வாட்ச்மேன் ஒரு உர மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். கதவை ஒட்டி அவர் மனைவி, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றிருந்தாள். அவள் எதிரில், உள்ளே அடைபட்டிருப்பதே பாதுகாப்பு என்று தோன்றியது.

"நீங்கதான் துப்பறியறவரா? அறிஞ்சு சொல்லுங்க. இந்த மனுஷனுக்கு வீட்ல பல்பு கழட்டி மாட்டத் தெரியாது. இவர் மொட்டு கழட்டிட்டாராம்! சாயங்காலத்துக்குள்ள வீட்டக் காலி பண்ணணுமாம். நான் பாத்திரத்த மூட்டை கட்டறதா, போலீஸ் ஸ்டேஷனுக்கு இவருக்குச் சோறு கட்டறதா?"

"கொஞ்சம் சும்மா இரேன்" என்றார் வாட்ச்மேன்.

"நீங்க சும்மா இருந்ததாலதான் இங்க உக்காந்திருக்கீங்க."

துப்பறிவாளர் இன்னொரு மூட்டையில் உட்கார்ந்தார். "உங்க பேர் என்ன?"

"வீட்ல வெச்சாங்க சார். யாரும் கூப்பிடல. நீங்களும் மொட்டைன்னே கூப்பிடுங்க, நேரம் மிச்சம்."

"உங்கள இடம் மாத்தறதா யாராவது சொன்னாங்களா?"

"இல்லையே. காலைல டைரக்டர் வந்தார். மொதல்ல என்னப் பாத்துத்தான் கத்தினார். 'நீ இன்னும் இங்கதான் இருக்கியா'ன்னார். நான் வேற எங்க போவேன் சார், டூட்டி ஆச்சே. அப்புறம்தான் உள்ள போய் மொட்டு காணோம்னு கத்தினார். கத்தல் ஒரே மாதிரிதான் இருந்துச்சு, அதனால எனக்கு வித்தியாசம் தெரியல."

"காலைல உள்ள போனது யாரு?"

"மேற்பார்வையாளர் மட்டும்தான். வாளி, கத்தரி எல்லாம் எடுத்துட்டுப் போனார், வந்தார். தினமும் போறவர், அவரப் போய் என்ன கேக்கறது?"

மைத்துனன் துப்பறிவாளரின் காதில், பக்கத்துத் தெருவரை கேட்கும்படி கிசுகிசுத்தான். "மாமா, மொட்டைய நம்பாதீங்க. ரொம்ப நல்லவனா பேசறான்."

வெளியே வந்ததும் துப்பறிவாளர் ஒரு மரத்தடியில் நின்றார். தலை வலித்தது. மொட்டை எடுத்த கை எது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே போனவர் ஒருவர்தான். கத்தரியும் பசையும் அவருடையவைதான். ஆனால் ஏன்? எஜமானர் தும்மினால் துடைத்துவிடத் துண்டோடு நிற்கிற மனிதர், எஜமானரின் வாழ்நாள் பெருமையை நறுக்கிவிட்டு, எதிரில் நின்று கண்ணடிக்கிறார். குற்றவாளி மறைப்பான், மழுப்புவான், அழுவான். கண்ணடிக்கிற குற்றவாளியை அவர் கண்டதில்லை.

"மாமா" என்றான் மைத்துனன். அச்சு மாவு அப்பிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு. "சும்மா நிக்காம மொட்ட தேடுவோமா?"

"யார? அவர்தான் உள்ள உக்காந்திருக்காரே."

"ஐயோ மாமா, மொட்டு! பூ மொட்டு! ஆளத் தேடறதா இருந்தா 'மொட்டைய'ன்னு சொல்லியிருக்க மாட்டேனா?"

துப்பறிவாளர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். மைத்துனன் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

"உன்ன எதுக்குக் கூட வெச்சிருக்கேன்னு உங்கக்காகிட்ட தினமும் கேட்டுட்டிருந்தேன்" என்றார் துப்பறிவாளர். "இன்னிக்குக் கேக்க மாட்டேன். எல்லாரையும் கண்ணாடி வீட்டுக்குக் கூப்பிடு."

எல்லோரும் வந்து செடியைச் சுற்றி நின்றார்கள். வாட்ச்மேனின் மனைவியை யாரும் கூப்பிடவில்லை, அவளும் வந்தாள். தடுக்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

"சார்" என்று இயக்குநரிடம் ஆரம்பித்தார் துப்பறிவாளர். "நேத்து சாயங்காலம் வராந்தாவுல இவர்கிட்ட என்ன சொன்னீங்க? அதே வார்த்தைல சொல்லுங்க."

"அது நிர்வாக..."

"அப்ப நான் சொல்றேன். 'நாளன்னிக்கு விழா. நாளைக்குக் காலைலயே மொட்ட எடுத்துடு. யாருக்கும் தெரிய வேண்டாம்.' கொஞ்சம் முன்னபின்ன இருக்கலாம். சரியா?"

இயக்குநர் கிராப்பைத் தடவிக்கொண்டார்.

"அட, அப்படியே சொல்றீங்களே!" என்று வியந்தார் மேற்பார்வையாளர். "நீங்களும் வராந்தாவுல இருந்தீங்களா?"

வாட்ச்மேனின் கை தானாகத் தலைக்குப் போனது. "என்ன எதுக்கு சார் எடுக்கச் சொன்னீங்க?"

இயக்குநர் கண்ணாடிக் கூரையைப் பார்த்தார். "டிவிக்காரங்க வர்றாங்க. விளக்கு போடுவாங்க. வாசல்லயே நிக்கிறே. வெளிச்சம் தலைல பட்டுப் பளபளன்னு... படத்துல முகை எடுபடாதுன்னு ஒரு சின்ன... அழகியல் சார்ந்த... பின்பக்க கேட்டுக்குப் போட்டா..."

"அவர் தலை என்ன டியூப் லைட்டா?" என்றாள் மனைவி.

"ஒரு நிமிஷம் அம்மா" என்றார் துப்பறிவாளர். "காலைல நடந்ததப் பாருங்க. இவர் வேலைய முடிச்சுட்டு 'எடுத்தாச்சு'ன்னார். நீங்க 'சபாஷ்'னீங்க. வந்து பாத்தா, எடுக்கச் சொன்ன ஆள் நிக்கிறார். நிக்க வேண்டிய மொட்டு இல்ல. ரெண்டு தப்பு நடந்ததா நினைச்சீங்க. நடந்தது ஒண்ணுதான். ஒரே உத்தரவு, இடம் மாறிப் போயிருக்கு."

"நான் தெளிவாத்தானே சொன்னேன்!"

"இல்ல சார். நாற்காலி எடு, வாளி எடுன்னு சொல்றோம். பொருளுக்கு அது போதும். வாட்ச்மேன் எடுன்னு யாராவது சொல்வாங்களா? மனுஷன்னா ஒரு ஐ போட்டே ஆகணும். வாட்ச்மேனை எடு. மொட்டையை எடு. என் மச்சானுக்கே அது தெரியுது. நீங்க ஒரு காவலாளிக்குப் போய் வேற்றுமை உருபு செலவு பண்ணணுமான்னு விட்டுட்டீங்க. ஆள வாளி மாதிரி சொன்னீங்க. இவர் காதுல அது சுத்தமான தமிழா விழுந்துச்சு. மொட்டுக்கு ஐ போட்டா என்ன வரும்? மொட்டை."

இயக்குநரின் உதடுகள் அசைந்தன. மொட்டு, மொட்டை, மொட்டையை என்று அவர் சத்தமில்லாமல் வாய்ப்பாடு ஒப்பிப்பது தெரிந்தது.

"உங்களுக்கு இது தோணாததுக்கும் காரணம் இருக்கு. உங்க அகராதில அந்த வார்த்தையே கிடையாது. உங்களுக்கு அது முகை. அதனால மொட்டைன்னா ஒரு அர்த்தம்தான்."

"ஆனா இவர்!" இயக்குநர் மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினார். "நீ எப்படிய்யா நான் அதப் போய் வெட்டச் சொல்வேன்னு நினைச்சே?"

மேற்பார்வையாளர் கண்ணடிப்பதை அப்போதுதான் நிறுத்தினார். "இத்தன வருஷத்துல நேத்துதான் சார் மொதல் தடவையா எனக்குப் புரியிற மாதிரி பேசினீங்க. ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. ரோஜாவுல மொத மொட்ட கிள்ளிடுவோம், செடி தெம்பாகட்டும்னு. அந்த மாதிரின்னு நினைச்சேன். யாருக்கும் தெரிய வேண்டாம்னீங்க. காலைல நீங்க போட்ட கூச்சலப் பாத்து, ஊருக்காக நடிக்கிறீங்கன்னு நினைச்சேன். நல்லா நடிக்கிறாங்கன்னு வீட்லகூட போன் பண்ணிச் சொன்னேன்."

"இவர உள்ள அடைச்சப்பகூட வாயத் தொறக்கலையே?" என்றார் துப்பறிவாளர்.

"அதுவும் நடிப்புல சேந்ததுன்னு நினைச்சேங்க. மொட்டைகிட்ட அப்புறமா சொல்லிக்கலாம்னு."

"யோசிக்கவே மாட்டியாய்யா?"

"யோசிக்கிற வேலைய நான் பாத்துக்கறேன், சொன்னத மட்டும் செய்யின்னு நீங்கதானே சார் சொன்னீங்க, சேர்ந்த அன்னிக்கு?"

"அது இப்ப எங்க இருக்கு?" இயக்குநரின் குரல் தழைந்துவிட்டது.

"உரக்குழில. கிளறி விட்டாச்சு. எதையும் வீணாக்கக் கூடாதும்பீங்களே."

"அப்ப வெளிநாட்டுக் கும்பல்?" என்றான் மைத்துனன்.

இயக்குநர் சட்டென்று நிமிர்ந்தார். பதவி ஒருவரைத் தாங்கிப் பிடிக்கிற அழகைப் பார்க்க வேண்டுமென்றால் அதுதான் சமயம். "இந்த விஷயம் இந்தக் கண்ணாடிச் சுவர்களுக்குள்ளயே இருக்கட்டும். விசாரணை நிறைவடைந்தது. காவலாளி சம்பந்தமா நிர்வாகம் உரிய காலத்தில் மறுபரிசீலனை செய்து..."

"அதுல வேலை இருக்கா இல்லையா?" என்று குறுக்கிட்டாள் மனைவி.

"உரிய காலத்தில்..."

"சார்" என்றார் துப்பறிவாளர். "நான் கண்டுபிடிச்சத எழுதிக் குடுக்கணும். மந்திரி ஆபீஸுக்கும் ஒரு பிரதி போகும். நீங்க பேசினது பேசினபடியே வரும், அழகியல் உள்பட. இல்ல, கேஸே இல்லன்னா எழுதறதுக்கும் ஒண்ணும் இல்ல."

இயக்குநர் செடியைப் பார்த்தார். வெட்டிய நுனியைப் பார்த்தார். "வேலை இருக்கு" என்றார்.

"வீடு?"

"இருக்கு."

"எந்த வாசல்?"

இயக்குநர் ஒருமுறை வாட்ச்மேனின் தலையைப் பார்த்துக்கொண்டார். "முன்வாசல்."

"நடங்க" என்றாள் அவள் கணவரிடம். "பாத்திரத்தையெல்லாம் பிரிச்சு வைக்கணும். கட்டினது நான், பிரிக்கிறது நீங்க."

விழாவை நிறுத்த முடியவில்லை. பந்தல் போட்டாகிவிட்டது, மந்திரியும் கிளம்பிவிட்டார். ஒரு மொட்டுக்காக மந்திரியைத் திருப்பி அனுப்பும் தைரியம் நிர்வாகத்தில் யாருக்கும் இல்லை. மறுநாள் காலை கார்கள் வந்து நின்றன. மந்திரி இறங்கி நேராகக் கண்ணாடி வீட்டு வாசலுக்கு வந்தார். மடிப்புக் கலையாத உடையில், ஒரு முடிகூட இல்லாத தலையோடு நிமிர்ந்து நின்றவரைப் பார்த்தார். விஞ்ஞானி என்று முடிவுசெய்து இரண்டு கைகளாலும் அவர் கையைப் பற்றிக் குலுக்கினார். பின்னால் ஓடிவந்த இயக்குநரிடம் தன் பூச்செண்டைக் கொடுத்து, பிடித்துக்கொள்ளச் சொன்னார். வாட்ச்மேன் "வாங்க சார்" என்று கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே விளக்குகள் எரிந்தன. மந்திரி செடிக்கு முன்னால் நின்று, அந்த அபூர்வ மலரின் நிறத்தையும் நறுமணத்தையும் பற்றி உணர்ச்சி பொங்க வெகுநேரம் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

செடியில் இலைதான் இருந்தது.